சுவரில் எழுதிய பீடி வாசகம்

எங்கள் தெருவில் பீடிப் புகையை வீட்டுக்கு வெளியே அனுப்பியவள் நான்தான் என்று பல வருடங்கள் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

பொது இடத்தில் புகைக்கக் கூடாது என்று சட்டம் வந்த புதிது. எம். புதுப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் நான் ஏழாம் வகுப்பு படித்தேன். சுகாதார நிலைய நர்சம்மா டீக்கடையில் ஒரு படம் மாட்டினார். கருகிப்போன நுரையீரல். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்த அப்பா பீடியை இழுத்தபடியே டீ ஆற்றும் பையனிடம், "ஏலே, கறிக்கடை விளம்பரமாலே இது?" என்று கேட்க, கடையே சிரித்தது.

மறுநாள் நர்சம்மா எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். "படம் யாருக்கும் உறைக்கல. உங்க ஊர் ஆளுகளுக்கு உறைக்கிற மாதிரி ஒரு வரி எழுதிட்டு வாங்க. நல்லதைச் சுவத்துல எழுதுவோம்."

வீட்டில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அம்மா தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். தம்பிக்கு நெஞ்சில் சளி. மூச்சு விடும்போதெல்லாம் கர்கர்ரென்றது. பிள்ளைக்குப் புகை ஆகாது என்று அம்மா எத்தனையோ தடவை சொல்லியும் அப்பா எழுந்து வெளியே போனதில்லை.

"கம்பெனிக்குள்ள நாள் முச்சூடும் பீடி இல்லாம இருக்காகள்ல? மருந்துக்குக் குடுக்குற மருவாதியப் பிள்ளைக்குக் குடுத்தா என்னவாம்?" என்றாள் அம்மா. வெடிமருந்துக்கு எங்கள் ஊரில் மருந்து என்றுதான் பேர். பீடியையும் தீப்பெட்டியையும் கம்பெனி வாசலிலேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

அதைத்தான் ஊருக்குச் சொல்வதுபோல் எழுதிக்கொண்டு போனேன். வாத்தியார் நல்ல தமிழில் திருத்தப் பேனாவை எடுத்தார். நர்சம்மா விடவில்லை. "பேசுற மாதிரியே இருக்கட்டும் சார்."

டீக்கடைக்கு எதிர்ச்சுவரில் நீல எழுத்தில் வந்தது: 'மருந்துக்காகக் கம்பெனி வாசல்ல பீடியை வைக்கிறீக. பிள்ளைக்காக வீட்டு வாசல்லயும் வைங்க.'

இந்தத் தடவை கடையில் யாரும் சிரிக்கவில்லை. அப்பா இரண்டு முறை படித்தார். யார் எழுதியது என்று ஒருவர் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எம் மக எழுதுனதாக்கும்!"

அன்று சாயங்காலம் பீடிக்கட்டையும் தீப்பெட்டியையும் வாசல் நிலைக்கு மேலே வைத்துவிட்டு உள்ளே வந்தார். பிறகு புகைக்கத் தோன்றினால் தெருவுக்குப் போனார். அடுத்த வாரம் பக்கத்து வீட்டு மாமாவின் பீடிக்கட்டும் நிலைக்கு ஏறியது.

அம்மா மட்டும் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, "நான் சொன்னதுன்னு யார்ட்டயும் மூச்சு விட்றாத" என்றாள். பாராட்டு முழுவதையும் எனக்கே விட்டுக்கொடுக்கிறாள் என்று நினைத்து அவளைக் கட்டிக்கொண்டேன்.

மகள் எழுதியதை அப்பா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அது மனைவியின் பேச்சு என்று தெரிந்திருந்தால், அந்தப் பீடிக்கட்டு அன்றைக்கே மறுபடி வீட்டுக்குள் வந்திருக்கும். இது அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அவளைக் கட்டிக்கொண்டு நின்ற எனக்குத் தெரியவில்லை.