ஜூனோ, வயது நான்கு

எனக்குப் பேய் பிசாசு, காத்துக் கருப்பு எதிலும் நம்பிக்கை கிடையாது. பக்கத்து வீட்டில் மந்திரித்த எலுமிச்சம்பழத்தை வாசலில் கட்டினால்கூடப் போய்க் கேலி பேசிவிட்டு வருகிற ஆள் நான். அதனால் நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, சிரித்து முடித்துவிட்டுக் கேளுங்கள்.

விளாங்குடியில் வீட்டிலிருந்தபடியே டேட்டா என்ட்ரி வேலை பார்க்கிறேன். பழைய கையெழுத்துத் தாள்களை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள், பார்த்து அப்படியே டைப் அடிக்க வேண்டும். ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்போம், ஒருத்தர் அடிப்பது மற்றவருக்குத் தெரியாது. பிறகு கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிட்டு, மாறியிருக்கிற இடத்தைச் சிவப்பில் காட்டும். ஒருத்தர் தப்பு விட்டாலும் மாட்டிக்கொள்வார், இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்ய வழியே இல்லை. எனக்கு ஜோடி முத்துராசு, பசுமலைக்காரன், அவனும் வீட்டிலிருந்துதான் வேலை.

போன வருஷம் மாசி மாதம் ஒரு அமெரிக்கக் குடும்பத்தின் வரலாறு வந்தது. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே கடலோரத்தில் போய் இறங்கி, உப்புத் தண்ணீரை மறித்து வயல் எடுத்து நெல் போட்ட ஒரு பண்ணையார், அவர் வம்சத்தில் வந்த ஒரு அம்மா இப்போது புத்தகம் போடுகிறாராம். யார் பிறந்தார், யாரைக் கட்டினார், எங்கே புதைத்தார்கள் என்று பக்கம் பக்கமாக இருந்தது. கடைசியில் அந்தப் பண்ணையாரிடம் இருந்த அடிமைகளின் பட்டியல், வெறும் பெயரும் வயதும்தான், அப்பன் பெயர் கிடையாது, ஊர் கிடையாது. எனக்குச் சுருக்கென்றது. என் தாத்தா சோழவந்தான் பக்கம் ஒரு பண்ணையில் ஆயுசு முழுக்க நாற்றுக்கட்டு சுமந்தவர், அவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. இவர்களுக்குப் பெயராவது இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே அடித்து அனுப்பினேன்.

மறுநாள் காலை டீம் லீடர் பாண்டி அண்ணன் எங்கள் இரண்டு பேரையும் காளவாசல் ஆபீசுக்கு வரச் சொன்னார். போனால் மனுஷன் முகமே சரியில்லை. ஸ்க்ரீனைத் திருப்பிக் காட்டினார். பட்டியலில் பத்தாவது பெயருக்கும் பதினொன்றாவது பெயருக்கும் நடுவில் ஒரு வரி அளவுக்கு வெறும் காகிதம். அந்த இடத்தில் நானும் முத்துராசுவும் ஒரே மாதிரி அடித்திருக்கிறோம்: ஜூனோ, வயது நான்கு.

"போன்ல பேசிக்கிட்டுத்தானே அடிச்சீங்க? யாரு யாரைப் பாத்து காப்பி அடிச்சீங்க?"

"அண்ணே, சத்தியமா பேசலண்ணே," என்றான் முத்துராசு. அவன் பெண்டாட்டிக்கு அப்போது ஏழாவது மாதம். எங்கள் வேலையில் காப்பி அடித்ததாகப் பெயர் வந்தால் அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அந்தப் பெயரை நான் பார்த்துத்தான் அடித்தேன், ஜூனோ என்று ஒரு பெயர் உண்டு என்பதே அதற்கு முன் எனக்குத் தெரியாது. ஆனால் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது, அங்கேதான் ஒன்றுமே இல்லையே.

பாண்டி அண்ணனும் லேசில் விடுகிற ஆள் இல்லை. ஆனையூரிலிருந்து வருகிற ஜெயந்தி அக்காவைக் கூப்பிட்டார், அந்தப் புராஜெக்ட் பக்கமே வராதவர். ஒன்றும் சொல்லாமல் அதே பக்கத்தைக் கொடுத்து எங்கள் கண்முன்னால் அடிக்கச் சொன்னார். பகல் பதினொரு மணி, கீழே பஸ் ஹாரன் காதைக் கிழிக்கிறது. நம்பினால் நம்புங்கள், பத்தாவது பெயர் முடிந்ததும் அக்கா கொஞ்சமும் நிற்காமல் ஜூனோ, வயது நான்கு என்று அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

"அக்கா, அது எங்க இருக்கு?"

"இந்தா இருக்குல்ல..." என்று விரலைக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார். "இம்புட்டு நேரம் இருந்துச்சே."

பாண்டி அண்ணன் தண்ணீர் குடித்தார், பிறகு எங்களைப் பார்க்காமலே சொன்னார்: "யாராவது அந்த வரிய அழிச்சுட்டு அனுப்புங்க. நான் இதை இத்தோட விட்டுர்றேன்."

முத்துராசு கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஜெயந்தி அக்கா எழுந்து போய்விட்டார். நான்தான் அழித்தேன். பிள்ளைகள் இரண்டும் படிக்கிற வீடு, வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்? அழிக்கும்போது ஒன்றும் தோன்றவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், விரல் கூசியது.

அடுத்த நாள் மிச்சப் பக்கம் வந்தது. அதன் முதல் வரியில் பண்ணையார் தன் கையாலேயே எழுதியிருந்தார், ஆக மொத்தம் இருபத்து மூன்று பேர் என்று. முந்தைய பக்கத்தை எடுத்து எண்ணினேன், இருபத்திரண்டுதான். நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பாவம் என்னோடுதான் இருக்கிறது.

இத்தோடு முடிந்திருந்தால் நானும் கண் அசந்து போயிற்று என்று மறந்திருப்பேன். எங்கள் வீட்டுக்காரரின் குலசாமி கோயிலில் மாசிக்கு மாசி பங்காளிகள் எல்லாரும் கூடிப் பொங்கல் வைப்போம். குடும்பம் குடும்பமாகப் பெயரும் நட்சத்திரமும் எழுதிக் கொடுத்தால் பூசாரி சத்தமாக வாசித்து அர்ச்சனை செய்வார், டைப் தெரிந்த மருமகள் என்று அந்த லிஸ்ட் வருஷா வருஷம் என் தலையில்தான் விழும். இந்த வருஷமும் அடித்துக் கொடுத்தேன். பூசாரி எங்கள் வீட்டுக்காரர் பெயர், என் பெயர், மகள், மகன் என்று வாசித்தவர் நிற்கவில்லை.

"ஜூனோ... என்னத்தா இது, நட்சத்திரம் போடுற எடத்துல அஞ்சுன்னு வயசப் போட்டிருக்க?"

மகள் முழங்கையால் இடித்து, "யாரும்மா அது?" என்றாள். டைப்பிங் மிஸ்டேக் என்றேன். பூசாரி அதற்குள் அந்தப் பெயருக்கும் ஒரு பூவை எடுத்துச் சாமி காலில் போட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்தேன், எங்கள் குடும்பத்துக்கு நான்கு பெயர்தான் இருந்தது. தாளில் ஐந்து. அந்தத் தாள் பீரோவில் இருக்கிறது, வேண்டுமானால் வந்து பாருங்கள்.

நான் அழித்தபோது அதற்கு வயது நான்கு. அடுத்த மாசிக்கும் லிஸ்ட் நான்தான் அடிக்க வேண்டும். அதுவாக வருவதற்கு முன்னால், ஆறு என்று நானே போட்டுவிடலாமா என்று இருக்கிறது.