ஹட் பே பாமாயில் ஆலையும் கதவைத் திறக்காத காவலாளியும்

மூடிக் கிடக்கும் தொழிற்சாலை ஊர்களைத் தேடிப் போய்ப் பார்ப்பது என் கிறுக்கு. நிலக்கரி தீர்ந்த ஊர், பஞ்சாலை நின்ற ஊர் என்று சுற்றியவனுக்கு, லிட்டில் அந்தமானில் ஒரு பாமாயில் ஆலை பூட்டிக் கிடக்கிறது என்று தெரிந்ததும் இருப்புக் கொள்ளவில்லை. போன வருடம் ஜனவரியில் கிளம்பினேன்.

போர்ட் பிளேரில் கப்பல் டிக்கெட் எடுப்பதற்குள்ளேயே பாதி உயிர் போய்விட்டது. தீவுக்காரர்களுக்குத்தான் முதலில், மிச்சம் இருந்தால் நமக்கு. காலை ஆறரைக்குக் கிளம்ப வேண்டிய கப்பல் ஒன்பதுக்குக் கிளம்பியது. வழி முழுக்க வாந்தி. அந்தத் தீவின் துறைமுக ஊரான ஹட் பேயில் அறை வாடகை தொள்ளாயிரம் ரூபாய். மின்விசிறி உண்டு, கரண்ட் இருந்தால் சுற்றும்.

ஊரின் கதை சுருக்கமானது. காட்டை வெட்டி எண்ணெய்ப் பனை நட்டார்கள். சிலோன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் சில இங்கே வேலைக்கு வந்து, லயம் என்ற வரிசை வீடுகளில் குடியேறின. பிறகு காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. தோட்டமும் ஆலையும் நின்றன. பனைகள் மட்டும் யார் பேச்சையும் கேட்காமல் இன்னும் காய்க்கின்றன.

இதற்குமேல் விவரம் கேட்டு டீக்கடையில் உட்கார்ந்தேன். இயந்திரம் எந்த ஊரில் செய்தது, பாய்லர் எத்தனை டன் என்றெல்லாம் நான் விசாரிக்க, கடைக்கார அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கிலோ என்ன ரேட்டு போடுவீங்க?" என்றார். டீத்தூளைப் பற்றிக் கேட்கிறாராக்கும் என்று நினைத்துத் தலையாட்டி வைத்தேன்.

ஆட்டோவுக்கு நானூறு கொடுத்து ஆலைக்குப் போனால், வாசலில் காக்கிச் சட்டை போட்ட காவலாளி. தமிழர்தான், பேச்சில் தீவு இந்தி கலந்திருந்தது.

"சாபி ஆபீஸ் பாபுகிட்ட இருக்கு சார். பாபு போர்ட் பிளேர் போயிருக்காரு. நாளைக்கு வாங்க."

மறுநாள் இன்னொரு நானூறு. சாவி காவலாளியின் இடுப்பிலேயே தொங்குகிறது.

"உள்ள சாம்ப் இருக்கு சார். பெரிய பாம்பு. பர்மிஷன் காகஜ் இல்லாம விடக்கூடாது."

எரிச்சலில் கத்திவிட்டேன். அந்த நேரம் பார்த்து அவர் மனைவி தூக்குவாளியோடு வந்தார். என்னைப் பார்த்ததும் நேராகவே கேட்டார்: "எப்ப சார் கழட்டப் போறீங்க?"

"என்னத்தைக் கழட்ட?"

"மிஷினத்தான். இரும்பு வாங்க மெயின்லேண்ட்ல இருந்து ஆள் வந்திருக்குன்னு லயமே பேசுது."

அப்போதுதான் விளங்கியது. பயணக் கட்டுரை எழுதுபவன் என்று சொன்னால் நம்பவில்லை. என் வலைப்பதிவைக் காட்டலாம் என்றால் போனில் சிக்னல் இல்லை. கடைசியில், வேறு ஊர்களில் நான் எடுத்து போனில் வைத்திருந்த பழைய ஆலைப் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் காவலாளி கீழே உட்கார்ந்தார்.

"உள்ள இரும்பு இருக்கவரைக்கும்தான் சார் எனக்கு வேல. அது போச்சுன்னா வெறும் சுவருக்கு எதுக்கு வாட்ச்மேன்? மூத்த பொண்ணு போர்ட் பிளேர்ல நர்சிங் படிக்குது. அது முடிக்கணும்."

பூட்டைத் திறந்தார். பாய்லர் மேல் கொடி ஏறியிருந்தது. ஆலை ஓடிய காலத்தில் தான் நின்று வேலை பார்த்த இடத்தைக் காட்டினார், சைரன் ஊதும் சங்கிலியைக் காட்டினார். பாம்பு எதுவும் இல்லை. என் வாழ்நாளில் எடுத்த நல்ல படங்கள் எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் எடுத்தவைதான்.

வெளியே வந்ததும் கேட்டார்: "போட்டோ போடாதீங்க சார். இவ்வளவு இரும்பு கெடக்குன்னு தெரிஞ்சா உடனே வந்துருவாங்க."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இவ்வளவு செலவு, இவ்வளவு வாந்தி, கையில் தங்கம் மாதிரிப் படங்கள், ஆனால் போடக் கூடாது! சரி என்று சொல்லி, என் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் முகத்தைப் பார்த்து வேறு என்ன சொல்ல?

ஹட் பே போகிறவர்களுக்கு: திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுங்கள். இரண்டு நாள் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். டீக்கடையில் டன் கணக்குப் பேசாதீர்கள். ஆலைக்காக மட்டும் யாரும் போக வேண்டாம். காரணம், போன வாரம் காவலாளி போன் செய்தார்.

"பாப்பாவுக்கு ஆஸ்பத்திரில வேல கெடச்சிருச்சு சார். மொத சம்பளமும் வாங்கிருச்சு. இனி போட்டோ போடுங்க."

சந்தோஷமாக இருந்தது. ஆலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நாளைக்குக் கழட்ட வர்றாங்க சார். கேட்டை நானே தொறந்து விடுறேன்னு சொல்லியிருக்கேன்."

படங்கள் கீழே.