ஒன்று ஆமா, இரண்டு இல்லை

2012-ஆம் வருடம். தானே புயல் எங்கள் கடலூரைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. சாய்ந்த கம்பங்களை எல்லாம் நிமிர்த்திவிட்டார்கள். கரண்டு மட்டும் தன் இஷ்டத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. காலையில் மூன்று மணி நேரம், மத்தியானம் மூன்று மணி நேரம் என்று பகலில் பாதி அப்படியே போய்விடும். மஞ்சக்குப்பத்தில் என் அக்கா வீட்டில் அந்தக் கரண்டை நம்பி ஓர் உயிர் படுத்திருந்தது. அக்காவின் வீட்டுக்காரர். நான் மாமா என்று கூப்பிடுவேன்.

மாமாவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மீட்டர் பழுது பார்க்கிற வேலையில் இருந்தவர். முந்தின வருடம் ஒருநாள் குளித்துவிட்டு வந்தவர் அப்படியே விழுந்தார். மூளையில் அடைப்பு என்றார்கள். புத்தி தெளிவாக இருந்தது, காது நன்றாகக் கேட்டது. பேச்சு போய்விட்டது. வலது கட்டைவிரலைத் தவிர உடம்பில் எதுவும் அவர் சொன்னபடி கேட்கவில்லை. கண்ணைச் சிமிட்டச் சொல்லிப் பார்த்தோம். இமை தானாகவே இறங்கிக்கொள்ளும்; எது பதில், எது அசதி என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அக்கா பள்ளிக்கூட டீச்சர். லீவு போட்டுப் போட்டு, போட லீவே இல்லாமல் போயிருந்தது.

நான் சென்னையில் ஒரு சின்ன கம்பெனியில் இருந்தேன். கம்ப்யூட்டருக்குள் கெர்னல் என்று ஒன்று உண்டு. வெளியே தலை காட்டாமல் எல்லாச் சாதனங்களையும் கட்டி மேய்க்கிற மென்பொருள். அதில் எந்தச் சாதனத்தை எப்போது தூங்க வைப்பது, எப்போது எழுப்புவது என்று எழுதுவதுதான் என் பிழைப்பு. சும்மா இருக்கிற சாதனம் விழித்திருந்தால் பேட்டரியைத் தின்னும். அதனால் வேலை இல்லாதபோது தூங்க வைத்துவிட்டு, யாராவது தொட்டதும் எழுப்ப வேண்டும். இந்த விஷயத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது.

மாமாவுக்காக நான் ஒரு பெட்டி செய்தேன். காலிங் பெல் பொத்தான் ஒன்று, அதற்குள் சின்னதாக ஒரு சர்க்யூட், அதிலிருந்து என் பழைய லேப்டாப்புக்கு ஒரு ஒயர். பொத்தானை ஒரு முறை அழுத்தினால் லேப்டாப் 'ஆமா' என்று சொல்லும். இரண்டு முறை அழுத்தினால் 'இல்லை' என்று சொல்லும். ஆமா, இல்லை இரண்டையும் என் குரலிலேயே பதிவு செய்திருந்தேன். பொத்தானைக் கட்டைவிரலுக்கு அடியில் வைத்துத் துணி சுற்றிக் கட்டினேன்; விரல் அசைவது வெளியே தெரியாது. மாமா முதலில் சொன்ன வார்த்தை 'இல்லை'. அக்கா, "பசிக்குதாங்க?" என்று கேட்டிருந்தாள். பதில் எதுவாக இருந்தாலென்ன, அக்கா சமையலறைக்கு ஓடிப்போய் அழுதுவிட்டு வந்தாள். ஊரில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "எந்தம்பி அவருக்குப் பேச்சு வரவெச்சிட்டான்" என்று சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு சிக்கல் இருந்தது. பதில் சொல்லி முடித்த பிறகும் சில சமயம் விரல் நடுங்கிப் பொத்தான் மேல் படும். பெட்டி தன்பாட்டுக்கு 'ஆமா, ஆமா, இல்லை' என்று உளறும். அதனால் நான் ஒரு சட்டம் போட்டேன். "முதல்ல வர்ற பதிலத்தான் எடுத்துக்கணும். அப்புறம் வர்றதெல்லாம் நடுக்கம். கண்டுக்காதீங்க." எல்லாரும் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள்.

கரண்டு இல்லாத நேரத்தில் லேப்டாப் இரண்டு மணி நேரத்தில் படுத்துவிடுகிறது என்று அக்கா போனில் சொன்னாள். இது ஒரு வேலையா என்று அந்த வாரம் கிளம்பி வந்தேன். ஸ்கிரீனை அணைத்தேன், தேவையில்லாததை எல்லாம் தூங்க வைத்தேன். பொத்தானையும் விடவில்லை. ஐந்து விநாடி யாரும் தொடாவிட்டால் தூங்கு, தொட்டதும் எழுந்திரு என்று இரண்டு வரி எழுதினேன். உட்கார்ந்து டப்டப்பென்று இருபது தடவை அழுத்திப் பார்த்தேன். எல்லாம் சரியாக வந்தது. பேட்டரி நாலு மணி நேரம் தாங்கியது. அக்கா போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, பெருமையாக பஸ் ஏறினேன்.

நாலைந்து நாள் கழித்து அக்கா போனில் சிரித்தாள். மாமா விழுந்த பிறகு அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை. "என்னா மாயம் பண்ணடா? முன்னல்லாம் எதக் கேட்டாலும் இல்லம்பாரு. இப்ப கொஞ்சம் யோசிச்சு யோசிச்சு எல்லாத்துக்கும் ஆமாங்கறாரு. கல்யாணம் ஆயி பதினெட்டு வருசத்துல இப்பத்தான் நான் சொல்றதுக்கு ஆமா போடறாரு, போ!" நானும் சேர்ந்து சிரித்தேன். என் தொழில் தெரிந்த எவனுக்கும் அந்த இடத்தில் பொறி தட்டியிருக்க வேண்டும். எனக்குத் தட்டவில்லை.

அந்தச் சனிக்கிழமை நான் ஊருக்கு வந்திருந்தபோது மாமாவின் அண்ணன் சிதம்பரத்திலிருந்து வந்தார். நல்ல மனுஷன். அவர் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. பகலெல்லாம் ஆட்களும் இருந்தார்கள். இங்கே கரண்டு போனால் மாமாவின் காற்று மெத்தை அடங்கிப்போய், முதுகில் புண் வர ஆரம்பித்திருந்தது. "கரண்டு நெலம சரியாவற வரைக்கும் எங்கூட கூட்டிகினு போறேன்மா. அவனையே கேளு, அவன் சொல்றதுதான்" என்றார்.

அக்காவுக்கு அனுப்ப மனசே இல்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் புண்ணை நினைத்தாளோ என்னவோ, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மாமாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிதம்பரத்துக்கு அண்ணன் வூட்டுக்குப் போறீங்களா?"

பெட்டி என் குரலில் சொன்னது: 'ஆமா.'

அக்கா கையை எடுத்துவிட்டாள். பெட்டி உடனே 'இல்லை' என்றது. மறுபடியும் ஒரு 'இல்லை'. அதற்குள் மாமாவின் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அண்ணன் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். "ரெண்டும் சொல்றானே, தம்பி?"

நான் சொன்னேன். நான்தான் சொன்னேன். "மொத பதில்தாங்க கணக்கு. மத்தது நடுக்கம். ரொம்பக் கேட்டு அவர டயர்ட் ஆக்காதீங்க." அழுகையைப் பற்றியும் எங்களிடம் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. இந்த நோயில் காரணம் இல்லாமலே அழுகை வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாமாவின் விரல் அதற்குமேல் எழவில்லை. ஐந்தாறு அழுத்தல்தான் அதற்குச் சக்தி. அக்கா அறையை விட்டுப் போய் அவருடைய துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை பெட்டி, லேப்டாப்போடு அவரை வேனில் கூட்டிக்கொண்டு போனோம். அக்கா வாசலிலேயே நின்றுவிட்டாள். பரீட்சைப் பேப்பர் திருத்த வேண்டும் என்றாள். சிப்காட் தாண்டி செம்மங்குப்பம் வரும்வரை மாமாவின் கண்ணிலிருந்து தண்ணீர் நிற்கவில்லை. வேலை பார்த்த இடத்து வாடை மூக்கில் ஏறியதும் பழசெல்லாம் ஞாபகம் வருகிறது போல என்று நினைத்து, துண்டால் துடைத்துவிட்டேன்.

அக்கா தினமும் சாயங்காலம் போன் பண்ணுவாள். அங்கே போனை மாமாவின் காதில் வைப்பார்கள். "அங்க நல்லாருக்காங்க?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள். பெட்டி 'ஆமா' என்னும். சரி என்று வைத்துவிடுவாள். நான் வரட்டுமா என்றுகூட அவள் கேட்கவில்லை. ஒரு தரம் என்னிடம், "அவரே போறேன்னு சொல்லிட்டாரு. நான் என்னா கொற வெச்சேன்னு தெரியலடா" என்றாள்.

பன்னிரண்டாம் நாள் விடியற்காலை மாமா போய்விட்டார். நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. அங்கே அவரை யாரும் குறைவாகப் பார்க்கவில்லை. அவர்கள் பார்த்த மாதிரி யாராலும் பார்க்க முடியாது.

காரியம் முடிந்து கிளம்பும்போது அக்கா அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடச் சொன்னாள். சென்னையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதை மேஜை மேல் வைத்து லேப்டாப்பைப் போட்டேன். எதற்கென்று தெரியவில்லை, அவர் ஞாபகம்தான். கட்டைவிரலை வைத்து மெதுவாக, மாமா அழுத்துகிற மாதிரி, இரண்டு முறை அழுத்தினேன்.

'ஆமா' என்றது.

ஐந்து விநாடி காத்திருந்து மறுபடி இரண்டு முறை. 'ஆமா.' திரும்பவும் காத்திருந்து ஒரு முறை அழுத்தினேன். சத்தமே இல்லை.

தூங்கிக்கொண்டிருந்த பொத்தானை முதல் அழுத்தல் எழுப்புகிறது. எழுப்புவதோடு அந்த அழுத்தல் தொலைந்துபோகிறது. நான் சோதித்த அன்றைக்கு விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தேன். அது தூங்கவே இல்லை. மாமாவோ ஒவ்வொரு முறையும் தூங்குகிற பொத்தானைத்தான் அழுத்தியிருக்கிறார். அவர் 'ஆமா' என்றால் ஒன்றும் கேட்காது, இன்னொரு தரம் அழுத்த வேண்டும். அவர் 'இல்லை' என்றால் பெட்டி 'ஆமா' என்னும்.

சாதனம் எப்போது எழுந்தது, எப்போது அழுத்தல் வந்தது என்று கெர்னல் நேரம் போட்டு எழுதி வைத்திருக்கும். அந்தச் சனிக்கிழமையைத் தேடி எடுத்தேன். பொத்தான் எழுந்தது, அடுத்த விநாடி ஓர் அழுத்தல். எழுப்பியதையும் சேர்த்தால் இரண்டு. பிறகு இரண்டு, பிறகு இன்னொரு இரண்டு. மூன்று தடவை அவர் மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். நடுக்கம் என்று நான் ஒதுக்கியதுதான் சரியான பதில்.

அக்காவிடம் சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. பயம்தான், வேறு என்ன. ஒவ்வொரு வாரமும் ஊருக்குப் போவேன், வாயைத் திறக்காமல் திரும்பி வருவேன். ஒரு நாள் துக்கம் விசாரிக்க வந்த யாரிடமோ அவள், "எங்கூட இருக்கப் புடிக்காமத்தான் போனாரு" என்று சொன்னதைக் கேட்டேன். அவர்கள் போனதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப வேணாம்னுதான் சொன்னாரா?" என்றாள்.

"ஆமாக்கா. மூணு வாட்டி."

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. "எனக்குத் தெரியும்டா, எனக்குத் தெரியும்" என்று சொல்லிச் சொல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அப்புறம் கை அப்படியே நின்றது.

"தெனம் சாயங்காலம் போன்ல நான் கேட்டேனே, அது?"

அதையும் நான் பார்த்து வைத்திருந்தேன். ஒவ்வொரு சாயங்காலமும் பொத்தான் எழுந்தது, சத்தம் வருகிறதா என்று காத்திராமல் அடுத்த விநாடியே ஓர் அழுத்தல். அதற்குப் பிறகு எதுவும் இல்லை. அங்கே போன பிறகு இரண்டுக்கு மேல் விரலில் தெம்பு இல்லை. பொய் சொல்லியிருக்கலாம். மாமா விஷயத்தில் இன்னொரு பொய் என் வாயிலிருந்து வர வேண்டாம் என்று தோன்றியது.

"அதுவும் இல்லைதான்க்கா."

அக்கா விரல்விட்டு எண்ணினாள். "பதினோரு நாள்டா" என்றாள். "பதினோரு நாளும் இங்க நல்லால்லன்னு சொல்லியிருக்காரு. சரிங்கன்னுட்டு நான் போன வெச்சிருக்கேன்."

அந்தப் பிழையைச் சரிசெய்ய ஒரு வரி போதும், கண்டுபிடித்த அன்றைக்கே எழுதிவிட்டேன். அக்கா என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை, இப்போதும் ஊருக்குப் போனால் எனக்குப் பிடித்ததைச் சமைத்து வைத்து, "போதுமாடா?" என்று கேட்கிறாள், 'ஆமா' என்று என் குரலில் அவளுக்குப் பதில் சொல்ல முடியாமல் இன்றுவரை தலையை மட்டும்தான் ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.