முப்பத்திரண்டு வீடுகளின் புத்தகம்

செங்கொடிக்குத் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் வாசலில் வேலை. உள்ளே வரும் லாரியின் எண்ணையும் அதன்மேல் இருக்கும் பெட்டியின் எண்ணையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் பெட்டி வேறு கப்பலுக்குப் போய்விடும். பதினாறு வருடத்தில் அவள் கையால் அப்படி ஒன்றும் நடந்ததில்லை.

வீடு தண்டையார்பேட்டையில், அடுக்குமாடிக் குடியிருப்பு. மாடிக்கு எட்டு வீடாக மொத்தம் முப்பத்திரண்டு. கூரையில் காரை பெயர்ந்து விழத் தொடங்கியதால் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போவதாகவும், ஆறு மாதத்தில் காலி செய்ய வேண்டும் என்றும் நோட்டீஸ் வந்தது. யாரும் பெரிதாக வருந்தவில்லை. தூங்கும்போது தலையில் சிமென்ட் கட்டி விழும் வீடுதானே. ஆனால் புதுக் கட்டடம் எழும்பும்வரை ஆளுக்கொரு பக்கம் வாடகைக்குப் போக வேண்டும். அந்த வாரம் குழாயடியில் செங்கொடிதான் பேச்சை எடுத்தாள்.

"எல்லா வூட்டையும் போட்டோ புட்ச்சி, ஒரு புக்கு போட்டு, ஆளுக்கு ஒண்ணு குடுத்தா இன்னா?"

எல்லோருக்கும் பிடித்துப்போனது. யோசனை சொன்னவள் தலையிலேயே வேலையும் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வீடு வீடாகப் போய், கதவுக்கு முன்னால் குடும்பத்தை நிற்க வைத்துப் போனில் எடுத்தாள். ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம், கீழே எல்லோருடைய பெயரும். எந்த வீடும் பெரிதில்லை, எந்த வீடும் சிறிதில்லை. இதை மட்டும் அவள் முதலிலேயே முடிவு செய்துவிட்டாள்.

போனிலேயே ஒரு ஆப் இருந்தது. படங்களைக் கொடுத்ததும் இரண்டே நிமிடத்தில் புத்தகத்தை அதுவாகவே அடுக்கிவிட்டது. மகிழ்ச்சியோடு பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லியிடம் காட்டினாள். காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத் தெருவாக விற்கிற அம்மாள் அவர். படத்தில் அவர் முகம் தோலுரித்த பூண்டு போல வெளுத்திருந்தது.

"இன்னாக்கா, இது உங்கள வெள்ளக்காரி ஆக்கி வெச்சிருக்குது."

"நல்லாதான கீது! முப்பது வருசமா வெய்யில்ல கூவிகினு கீறேன். புக்குலயாவது செவப்பா இருந்துட்டுப் போறேன், வுடு."

புஷ்பவல்லி போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"நெத்தியில தழும்பு எங்க?"

"அதுவே அழிச்சிடுச்சிக்கா."

"ஐஸ் பொட்டி மூடி வுயுந்த தழும்புடி அது. ஆறு தையலு. அத்த எடுக்கச் சொல்லி நானா கேட்டேன்?"

அதோடு போகவில்லை. இருட்டு நடைபாதையில் எடுத்த நான்கு வீடுகளை, படம் சரியில்லை என்று ஆப் தானாகவே விட்டுவிட்டிருந்தது. நான்கும் தரைத்தள வீடுகள். செங்கொடி ஆப்பைப் போனிலிருந்தே எடுத்துவிட்டாள்.

அடுத்து, மகள் மதி சொன்ன ஓர் இணையதளம். பக்கங்கள் அழகாக இருந்தன, முகங்களும் முகங்களாகவே இருந்தன. சிக்கல் நெல்சன் வீட்டில் வந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி எல்சி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. போட்டோ எடுக்கப் போனபோது அவர் கதவுக்கு வெளியே வரவே இல்லை.

"நான் மட்டும் நின்னா அது எங்க வூடு இல்லம்மா. படம் வாணாம். பேர மட்டும் எயுது. ரெண்டு பேரையும் எயுது."

அந்தப் பக்கத்தில் பெயர்களை மட்டும் போட்டாள். புத்தகத்தை முடிக்கப் போனதும், படம் இல்லாத பக்கம் நீக்கப்பட்டது என்று செய்தி வந்தது. திரும்பப் போட்டாள். திரும்ப நீங்கியது. மூன்றாவது முறை, 'இதற்குப் பதிலாக ஒரு பூப்படம் வைக்கலாமா?' என்று கேட்டது. அவள் லேப்டாப்பை மூடிவிட்டாள்.

வண்ணாரப்பேட்டையில் அப்துல் வஹாப் என்பவரின் ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் போடுவார்கள். அங்கே போனாள். வஹாபின் சாஃப்ட்வேரில் வெற்றுப் பக்கம் வைக்கலாம், என்ன வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் அவள் பெயரை அடித்ததும் எழுத்து உடைந்தது. 'செ'யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. 'கொ' மூன்று துண்டாகக் கிடந்தது.

"இது பழசும்மா, இதுல தமிழ் ஒழுங்கா வராது. பேரத் தனியா அடிச்சி, படமா ஒட்டிக்குவோம். கல்யாண ஆல்பத்துல ரெண்டே பேரு. சமாளிச்சிடலாம். ஒனக்கு எத்தினி பேரு?"

"நூத்தி முப்பத்தேழு, பாய்."

வஹாப் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். வேறு ஆளாக இருந்தால், செய்து தருகிறேன் என்று வேலையை வாங்கிப் போட்டிருப்பார். வஹாப் ஒரு துண்டுத் தாளில் வேறொரு சாஃப்ட்வேரின் பெயரை எழுதிக் கொடுத்தார். பத்திரிகைகளுக்குப் பக்கம் அமைக்கிற மாதிரியானது, இலவசம்.

"கத்துக்கிறதுக்குள்ள பேஜாரா இருக்கும். ஆனா எழுத்து ஒடையாது. முடிச்சி எடுத்துனு வா, நான் அச்சுப் போட்டுத் தர்றேன். பைண்டிங் பக்கம் மட்டும் எடம் வுடணும், மறந்துடாத."

மதியின் பழைய லேப்டாப்பில் அதை ஏற்றினாள். முதலில் தன் பெயரை அடித்தாள். பிறகு பொன்னுரங்கம், கிருஷ்ணப்பன் என்று குடியிருப்பில் கடினமான பெயர்களாகப் பார்த்து அடித்தாள். எல்லாம் முழுதாக வந்து நின்றன. ஆனால் அந்தத் திரையில் வேறு எதுவும் புரியவில்லை. தானாக அடுக்கித் தர ஆள் இல்லை. படத்துக்கு ஒரு பெட்டி, எழுத்துக்கு ஒரு பெட்டி, எல்லாவற்றையும் அவளே போட வேண்டும். மதிய ஷிப்டுக்குக் கிளம்பும் முன் தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாள். ஒரு முறை, பதினோரு பேர் கொண்ட வீட்டில் கடைசி இரண்டு பெயர்கள் காணாமல் போயின. பெட்டி போதாவிட்டால் மிச்ச எழுத்து மறைந்துகொள்ளும், ஓரத்தில் தெரிகிற சின்னச் சிவப்புக் குறி அதற்குத்தான் என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. அதன்பின் ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்புக் குறி தேடுவதை, யார்டில் பெட்டி எண் சரிபார்ப்பது போலவே செய்தாள்.

ஒரு பக்கத்தின் அளவுகளை மாதிரியாக வைத்துவிட்டால் மற்றவை எல்லாம் அதையே பின்பற்றும் என்று தெரிந்த நாளில் அவளுக்கு அந்த சாஃப்ட்வேர் பிடித்துப்போனது. நான்காவது வாரம் புத்தகம் முடிந்தது. அச்சுச் செலவைக் குடியிருப்போர் சங்கம் ஏற்றுக்கொண்டது.

தண்ணீர்த் தொட்டிக்கு அருகே ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தகங்களைக் கொடுத்தார்கள். எல்லோரும் தங்கள் பக்கத்தை விட்டுவிட்டு அடுத்தவர் பக்கத்தைத்தான் முதலில் பார்த்தார்கள். செங்கொடி வீட்டுப் பக்கத்தில் மட்டும் ஓரத்தில் நின்ற செங்கொடியின் பாதி முகம் பைண்டிங்குக்குள் போயிருந்தது. தன் வீட்டுப் படத்தை மற்றவற்றின் அளவுக்குக் கொண்டுவர ஓர் இரவில் கடைசியாகப் பெரிதாக்கியவள், அதைத் திரும்பச் சரிபார்க்கவில்லை. புஷ்பவல்லிதான் கண்டுபிடித்துக் கத்தினார். செங்கொடியும் சேர்ந்து சிரித்தாள். உள்ளுக்குள் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

நெல்சன் கடைசியாக வந்தார். வெள்ளைப் பக்கத்தின் கீழே இரண்டு பெயர்கள். நின்றபடியே வெகுநேரம் பார்த்தார்.

"எயுத்து கொஞ்சம் பெருசா போட்டிருக்கலாமேம்மா. எடம்தான் நெறைய கீதே."

"எல்லாருக்கும் ஒரே சைசுண்ணா."

அவர் முன்பின்னாக நான்கைந்து பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். "அதுவும் சரிதான்" என்று சொல்லி, புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு படியேறினார்.

பிப்ரவரியில் கட்டடம் காலியானது. செங்கொடி கொடுங்கையூரில் வாடகைக்குப் போனாள். யார்டுக்கு இப்போது இரண்டு பஸ் மாற வேண்டியிருக்கிறது. போன மாதம் பழைய குடியிருப்புக்குப் பக்கத்துக் கட்டடத்துக்கும் நோட்டீஸ் வந்ததாம். அங்கிருந்து இரண்டு பெண்கள் விலாசம் விசாரித்துக்கொண்டு அவள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். செங்கொடி டீ போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"மொத்தம் எத்தினி வூடு?"

"அறுவத்தி நாலுக்கா."

"வர்ற ஞாயித்துக்கெயம காலைல வரேன். எல்லாரையும் வூட்லயே இருக்கச் சொல்லுங்க" என்றாள்.