இந்தக் கிழமைத் திருக்கையன்

வெள்ளிக்கிழமை காலையில் இறுப்பிட்டிச் சந்தியிலுள்ள அன்னபூரணத்தின் கடைக்குப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துத்தான் ஆகவேண்டும். பஸ்ஸில் வந்த 'திருக்கையன்' சித்திரக்கதைக் கட்டைப் பிரித்து, முதல் பிரதியை அவர் வாசித்து முடிக்கும்வரை சீனியும் இல்லை, சவர்க்காரமும் இல்லை. ஐம்பத்தெட்டு வயது மனுசி! திருக்கை மீனின் வாலைச் சுழற்றிக்கொண்டு கடலுக்கு மேலே பறக்கிற வீரனென்றால் அவருக்கு அப்படி ஒரு பைத்தியம்.

வாராவாரம், கிழமைக்கு ஒன்றாக வருகிற கதை. ஒரு கிழமை வாசித்தால் மயிர் கூச்செறியும். மறுகிழமை தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். அன்னபூரணம் அதை மறைக்க மாட்டார். அவருடைய தகப்பன் தெற்கே காலி நகரில் கடை வைத்திருந்தவர். உளுத்த பயற்றை நல்ல பயற்றோடு கலந்து விற்றதில்லை என்பது அந்தக் குடும்பத்தின் பெருமை. மகளும் அப்படித்தான். "இந்தக் கிழமை சரியில்லை, இங்கை நிண்டு வாசிச்சிட்டுப் போங்கோ" என்று வாங்க வந்தவரிடமே சொல்லிவிடுவார். "விடாதேங்கோ" என்று சொன்னாரோ, மத்தியானத்துக்குள் ஒன்றும் மிஞ்சாது.

யாழ்ப்பாணத்து முகவர் சஞ்சீவனுக்குப் பொறுமை போய்விட்டது. மிச்சப் பிரதிகளை எடுக்கச் சனிக்கிழமை வந்தவன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, நீங்கள் கடைக்காரியோ, பரீட்சை திருத்திற ஆளோ? அடுத்த கிழமையும் மிச்சம் வந்தா, உங்கடை கடைக்கு இனிக் கட்டு வராது."

அன்னபூரணத்துக்குச் சோறு இறங்கவில்லை. திருக்கையன் வராத வெள்ளி என்ன வெள்ளி!

அடுத்த கட்டு வந்தது. பிரித்தார். என்ன கோதாரி! பதினாறு பக்கமும் திருக்கையன் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து புத்திமதி சொல்லிக்கொண்டிருந்தான். வால் ஒரு தடவைகூட அசையவில்லை.

முதலில் வந்தவர் புகையிலைத் தோட்டக்காரர் சரவணமுத்து. "எப்பிடி, இந்தக் கிழமை நல்லா இருக்கோ?"

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஊரே அன்னபூரணத்தின் பேச்சை நம்பித்தான் வாங்குகிறது. அந்த ஒரு சொல் அவருக்கு வாயில் வரவில்லை.

"இல்லை அண்ணை, படு மோசம். மிச்சம் வந்தா இனிக் கட்டு அனுப்பமாட்டினமாம். அதுக்காக நல்லதெண்டு சொல்ல என்னாலை ஏலாது."

சரவணமுத்து தாடையைச் சொறிந்தார். "அப்ப ரெண்டு தாரும்."

"மோசமெண்டு சொல்லுறன், விளங்கேல்லையோ?"

"விளங்குது. கட்டு நிண்டா, நல்லது வாற கிழமை எங்களுக்கு ஆர் சொல்லுறது?"

சரவணமுத்து நேரே வாசிகசாலைக்குப் போய் விஷயத்தைச் சொல்லியிருப்பார் போலும். சனம் வரத் தொடங்கியது. வந்த ஒவ்வொருவரிடமும் அன்னபூரணம் மோசம் என்றே சொன்னார். அவர்களும் அதைக் காதில் வாங்கிக்கொண்டே வாங்கிப் போனார்கள்.

மறுநாள் வந்த சஞ்சீவன் வெறுமையான புத்தகத் தட்டைப் பார்த்துச் சிரித்தான். "பாத்தியளோ அக்கா, நல்லதெண்டு சொன்னா விக்கும்தானே!"

அன்னபூரணம் கதிரையை விட்டு எழும்பினார்.

"ஒருத்தருக்கும் அப்பிடிச் சொல்லேல்லை. மோசமெண்டு சொல்லித்தான் அவ்வளவும் வித்தனான். திருக்கையன் படம் கீறுற ஆளிட்டைப் போய் அதைச் சொல்லும்."