குதிரைக்குப் பழக்கிய 'பாத்து'

பிள்ளைகளா, காலையில் சைக்கிளை எடுக்கும்போது நீங்கள் கேட்டீர்கள்: "ஏம்பா, எல்லா அப்பாவும் 'பாத்துப் போ'ன்னு சொல்றாங்க. நீ மட்டும் வாயே தொறக்க மாட்டேங்கிறியே?" பேசும்போது வராதது எழுதினால் வருகிறதா பார்க்கிறேன். என் படிப்பு உங்களுக்குத் தெரியும். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்க்கும் குதிரையேற்றப் பள்ளியில், நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு ஒரு இளம் பெண்குதிரை இருந்ததே, சின்னவள்கூட வெல்லம் கொடுத்தாளே, அதைப் பற்றித்தான். நல்ல தைரியம் அதற்கு. தாம்பரத்து விமானப்படை விமானம் தலைக்கு மேலேயே இரைந்துகொண்டு போனாலும் காதை ஆட்டாது. குறை ஒன்றுதான். குறுக்கே வைத்த கட்டையைத் தாண்டும்போது பின்னங்காலைச் சரியாகத் தூக்காது. கட்டையைத் தட்டிவிட்டு, விழுந்ததைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தன்பாட்டுக்குப் போய்விடும்.

பள்ளியை நடத்தும் சார் ஒருநாள் சொல்லிவிட்டார். "புள்ளைங்க ஏறுற குதிரை இப்படித் தட்டினா, எல்லாம் சேந்து விழும். அடுத்த மாசம் நானே ஓட்டிப் பாக்கறேன். சுத்தமா தாண்டினா இருக்கட்டும். இல்லன்னா கல்யாண ஊர்வலத்துக்குக் கேக்கறாரே, அவருகிட்ட குடுத்துடலாம்."

அது போகக்கூடாது என்று எனக்கு ஒரே தவிப்பு. தாண்டும்போது மூங்கிலால் காலில் ஒன்று போட்டால் பயந்து தூக்கும் என்றார்கள் சிலர். மனசு வரவில்லை. அதுவரை கட்டையாக வைத்திருந்த, தட்டினாலும் உறைக்காத லேசான பிளாஸ்டிக் குழாயை எடுத்துவிட்டு, கனமான சவுக்குக் கட்டையை முழங்கால் உயரத்தில் வைத்தேன். எங்கே கிளம்ப வேண்டும் என்று அதன் கண்ணுக்குத் தெரிய, முன்னால் தரையில் இன்னொரு கட்டை. நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே ஓடுவேன். அந்த இடம் வந்ததும் என் வாயில் தானாக வந்தது, "பாத்து!" ரயில்வே கேட்டில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிச் சொல்லிப் பழகின சொல்தானே.

கால் படாமல் தாண்டினால் கழுத்தைத் தட்டிக்கொடுத்து அன்றைக்கு அதோடு விட்டுவிடுவேன். பட்டால் திட்டமாட்டேன், உயரத்தைக் குறைத்து மறுபடியும் வைப்பேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது அதற்கு. "பாத்து" என்றால் போதும், கால்களை வயிற்றோடு மடக்கிவிடும். லாயத்தில் யாராவது சேற்றில் வழுக்கி, இன்னொருவர் "பாத்துப்பா" என்றால், கட்டி வைத்த இடத்திலேயே ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். எல்லோரும் சிரிப்போம்.

சார் ஓட்டிப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேலியோரம் பெற்றோர்கள் நின்றிருந்தார்கள். ஒரு கட்டையும் ஆடவில்லை. கடைசிக் கட்டை இன்னும் தூரத்தில் இருக்கும்போது, வேலியில் ஏறின தன் பையனைப் பார்த்து ஒரு அம்மா கத்தினார்: "டேய், பாத்துடா! பாத்து!"

குதிரை அங்கேயே எழும்பிவிட்டது. எட்டவில்லை. கட்டை மேலேயே வந்து இறங்கியது. சார் உருண்டு எழுந்துவிட்டார். குதிரை எழுந்தது, ஆனால் முன்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்றவில்லை. அந்த அம்மாவைச் சொல்லி என்ன? பிள்ளை பெற்றவர்கள் வேறு என்ன சொல்வார்கள்?

நடக்கும், இனிமேல் தாண்டாது என்றார் டாக்டர். வீக்கம் வடிந்ததும் ஊர்வலக்காரர் வேனோடு வந்தார்.

"இன்னாண்ணா, பேண்டு சத்தத்துக்கு மெரளுமா?"

"பிளேனுக்கே மெரளாது. ஒண்ணே ஒண்ணு. அது எதிர்ல 'பாத்து'ன்னு மட்டும் யாரும் சொல்லக்கூடாது. காலைத் தூக்கிடும்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லா கீதே! மாப்ளைய மேல ஏத்தறப்ப ஊரே அதத்தானண்ணா சொல்லும்? தூக்கட்டும் வுடு. குதிரை டான்ஸ் ஆடுதுன்னு பசங்க விசிலடிப்பானுங்க."

வேனில் ஏற்றும்போது பலகை கொஞ்சம் ஆடியது. "பாத்து, பாத்து" என்றார் அவரே. அது அந்த நொந்த காலை உயரத் தூக்கி, பலகையின் விளிம்பில் படாமல், அவ்வளவு பதமாக உள்ளே வைத்தது. நான் பழக்கினபடியே.

இப்போதும் ஏதோ ஒரு தெருவில், டியூப்லைட் வெளிச்சத்தில், ஒரு கட்டையும் இல்லாத தார் ரோட்டில் அது தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் காலையில் வாய்வரைக்கும் வருவதை விழுங்கிவிடுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்றைக்கு வேன் போன பிறகு மைதானத்தில் யாரும் இல்லை. கீழே கிடந்த சவுக்குக் கட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்து, முழங்கால் உயரத்திலேயே திரும்ப வைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு நானே தாண்டினேன். பின்கால் லேசாகத் தட்டியது. உருண்டு விழுந்த கட்டையை எடுத்து வைத்துவிட்டு, இன்னொரு தடவை தாண்டினேன்.