சில்வெஸ்டர் போட்ட கட்டு

ரெமிஜியஸ் மேஸ்திரி தன் வாழ்நாளில் தூக்கி எறிந்த பொருள் ஒன்றே ஒன்றுதான். விரல் நீளச் செம்புக் கம்பி. அவர் அதை எறிந்தபோது நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜீவனஹள்ளியில் அவருடைய ரிப்பேர் கடை என்பது வீட்டின் முன்னறைதான். அதை ஒட்டிய அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். ஒரு ஆபீசில் நகல் எழுதும் வேலை. சாயங்காலம் வந்ததும் ஒரு கவிதைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் கடை முக்காலியில் உட்கார்ந்துவிடுவேன். எனக்குப் பேச வராது. பேசாதவன் எதிரில் மனிதர்கள் எதையும் மறைப்பதில்லை. முக்காலியோடு நானும் ஒரு சாமானாகிவிட்டேன். மேஸ்திரியை எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

யுத்தம் தொடங்கி நாலு வருஷம் ஆகியிருந்தது. புதுச் சாமான் எதற்கும் வழியில்லை. பிடி உடைந்த ஜாடி, காற்றேறாத ஸ்டவ், மூடி கழன்ற அரிக்கேன் லாந்தர் எல்லாம் மேஸ்திரியிடம் வந்து சேர்ந்தன. எதைக் கொண்டுவந்தாலும் உடைந்த இடத்தை முதலில் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. வயது நாற்பத்திரண்டு. இரண்டு தங்கைகளைக் கட்டிக் கொடுத்ததில் அவருடைய கல்யாணம் தள்ளிப் போய், பிறகு மறந்தே போயிற்று.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பாகத்தை மாற்றினால், கழற்றிய பழைய பாகத்தைச் செய்தித்தாளில் மடித்துச் சொந்தக்காரர் கையில் கொடுத்துவிடுவார். அது துருப்பிடித்த ஆணியாக இருந்தாலும் சரி.

"இது உங்குளுது. எடுத்துக்கினு போங்க. வச்சிக்கிறதும் எறியறதும் உங்க இஷ்டம்" என்பார்.

அல்போன்சா டீச்சர் கான்வென்ட் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுப்பவர். கணவர் சில்வெஸ்டர் அச்சாபீசில் எழுத்துக் கோர்ப்பவராக இருந்து, டைபாய்டு வந்து இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. அந்த மழைக்காலத்தில் டீச்சர் ஒரே குடையோடு நாலாவது தடவையாகக் கடை ஏறினார். ஆண்கள் பிடிக்கும் பெரிய கறுப்புக் குடை.

"மேஸ்திரி, மறுபடியும் கிழிஞ்சிடுச்சு."

குடைக் கம்பிகளில் ஒன்று முன்பு எப்போதோ முறிந்திருந்தது. முறிந்த இரண்டு முனைகளையும் சேர்த்து, யாரோ செம்புக் கம்பியால் கன்னாபின்னாவென்று சுற்றிக் கட்டியிருந்தார்கள். கட்டின் கடைசி முனை முள்போல நீட்டிக்கொண்டிருந்தது. குடையை விரிக்கும்போதெல்லாம் அது துணியைக் கிழித்தது.

"இந்தக் கட்ட எடுத்துப்போட்டு வேற கம்பி மாத்திடறேன் டீச்சர். இது இருக்கிற வரைக்கும் துணி கிழிஞ்சிக்கினேதான் இருக்கும்."

"அத மட்டும் தொடாதீங்க. அவரு போட்ட கட்டு." டீச்சர் சிரித்தார். "காக்ஸ் டவுன்ல இருந்து நடந்து வர்றோம், திடீர்னு ஆலங்கட்டி மழை. கொடைக் கம்பி பட்டுனு ஒடைஞ்சிடுச்சு. ஒரு கடை வாசல்ல நின்னு, எங்கியோ கெடந்த கம்பிய எடுத்து, பத்தே நிமிஷத்துல கட்டிட்டாரு. அதுக்குள்ள மழை நின்னுபோச்சு! அவ்ளோ சிரிச்சோம் அன்னிக்கு."

மேஸ்திரி சிரிக்கவில்லை. "துணி கிழியுதே டீச்சர்."

"கிழியட்டும். ஒட்டுப் போடத்தான் நீங்க இருக்கீங்களே."

இந்த ஒரு வார்த்தை அவருக்கு இரண்டு நாளைக்குப் போதுமானதாக இருந்தது. பல்லிடுக்கில் வெல்லத்தை அடக்கிக்கொண்டவர் போலத் திரிந்தார். மூன்றாம் நாள் அதே வார்த்தை கசந்துவிட்டது.

"ஏன் தம்பி, அவன் கிழிப்பான், நான் ஒட்டுப் போடணுமா?" என்று என்னிடம் கேட்டார். செத்துப் போனவரை அவன் இவன் என்று அவர் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

எதிர்க்கடைத் தையல்காரர் ஆம்ப்ரோஸுக்கு இதெல்லாம் எப்போதோ புரிந்துவிட்டது. "இன்னா மேஸ்திரி, ஒரே கொடைய எத்தினி தடவ ரிப்பேர் பண்ணுவ? ரிப்பேர் கொடைக்கா, கொண்டாறவங்களுக்கா?" என்று ஊசியை வாயில் வைத்துக்கொண்டே கத்துவார்.

"உன் வேலையப் பாருய்யா. போன வாரம் நீ தச்ச பேன்ட்டுல ஒரு காலு குட்டை."

"ஆளு நொண்டிய்யா, அளவெடுத்துத்தான் தச்சேன்!"

கிண்டல் செய்தாலும் நல்ல மனிதர். அவர் மனைவி ஜோசஃபின்தான் டீச்சரிடம் போய்ப் பேச்செடுத்தாள். மேஸ்திரிக்கு இப்படி ஓர் எண்ணம் இருக்கிறது, கிறிஸ்துமஸுக்கு முந்திய ஆகமன காலம் பிறந்தால் கோவிலில் கல்யாணம் கிடையாது, அதற்குள் மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தாள். டீச்சர் கோபிக்கவில்லை. "மழைக்காலம் முடியட்டும், சொல்றேன்" என்றாராம்.

வேறு யாராக இருந்தாலும் இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருப்பார்கள். மேஸ்திரி அந்தப் பதிலையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். மழை முடியும்வரை என்றால் குடை வேண்டியிருக்கும்வரை. குடை வேண்டியிருக்கும்வரை அவன்.

அந்தச் சமயம் டீச்சர் வீட்டுத் தாழ்ப்பாள் கழன்றது. மேஸ்திரி தானே போய்ச் சரிசெய்து வந்தார். வந்தவர் முகம் கறுத்திருந்தது.

"வீடு பூரா அவன் கைதான் தம்பி. அலமாரிப் பிடியில நூலு. நாற்காலிக் கால்ல கயிறு. கடிகாரத்துக்கு அடியில மடிச்ச சீட்டு. ஒரு வேலையாவது ஒழுங்கா? ஒண்ணுகூட இல்ல! என் தாழ்ப்பாள் மட்டும் சத்தமே இல்லாம மூடுது. சத்தமில்லாத சாமான யாரு நெனச்சுப் பாப்பாங்க?"

அக்டோபர் கடைசியில் குடை ஐந்தாவது தடவையாக வந்தது. டீச்சர் பள்ளிக்கு அவசரமாகப் போய்க்கொண்டிருந்தார். "சனிக்கிழமை வந்து வாங்கிக்கிறேன்" என்று வைத்துவிட்டுப் போனார். மேஸ்திரி குடையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு குறடை எடுத்தார். கட்டு நாலு முறுக்கில் அவிழ்ந்து வந்துவிட்டது. அவர் எழுந்து வாசலுக்குப் போய், மழைத்தண்ணீர் புரண்டோடிய மோரிச் சாக்கடையில் அதை வீசினார். திரும்பி வந்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் புத்தகத்தில் குனிந்துகொண்டேன்.

முறிந்த கம்பியைக் கழற்றி, வேறொரு குடையின் நல்ல கம்பியை வைத்தார். அவர் செய்ததிலேயே அழகான வேலை அது. குடை பூ மாதிரி விரிந்தது. பிறகு வழக்கம்போலப் பழைய பாகத்தை மடிக்கச் செய்தித்தாளை எடுத்தார். முறிந்த கம்பி இருந்தது. கட்டு எங்கே? கை அப்படியே நின்றது.

மறுநாள் காலை ஒரு சைக்கிள் கம்பியை வளைத்துக்கொண்டு மோரியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா, மீன் புடிக்கிறியா?" என்றார் ஆம்ப்ரோஸ்.

தண்ணீர் அதை எங்கோ கொண்டுபோயிருந்தது.

அதன் பிறகு அவர் செய்தது எனக்கு இன்னும் வேதனையாக இருக்கிறது. நல்ல கம்பியை எடுத்துவிட்டு முறிந்த கம்பியையே திரும்ப மாட்டினார். செம்புக் கம்பி ஒன்றை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, விளக்குப் புகையில் காட்டிக் கறுக்க வைத்தார். பிறகு சில்வெஸ்டரைப் போலக் கட்ட உட்கார்ந்தார். முதல் கட்டு மிகவும் ஒழுங்காக வந்துவிட்டது. அவிழ்த்தார். இரண்டாவதும் அப்படியே. மட்டமாக வேலை செய்ய அந்த விரல்களுக்குத் தெரியவில்லை. நாலாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு கட்டினார். சுற்றுகள் ஏறி இறங்கின. முனை முள்ளாக நீட்டிக்கொண்டது.

"அவன் பத்தே நிமிஷத்துல கட்டினான்" என்றார் என்னைப் பார்க்காமல். "எனக்கு ரெண்டு நாளாச்சு."

சனிக்கிழமை டீச்சர் வந்தார். வெளியே தூறல். குடையை வாசலில் விரித்துப் பார்த்தார். துணியில் போட்ட ஒட்டைப் பார்க்கவில்லை. கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு விரலால் கட்டைத் தேடினார். அது அவருடைய பழக்கமாக இருக்க வேண்டும். விரல் நின்றது.

"பழசு எங்க மேஸ்திரி?"

"பழசுதான் டீச்சர் அது. துணிக்கு மட்டும் ஒட்டுப் போட்டேன்."

"இது வலது பக்கமா சுத்தியிருக்குது." டீச்சர் குடையை மெல்ல மடக்கினார். "அவரு இடக்கைக்காரரு."

மேஸ்திரியின் கை தானாகச் செய்தித்தாள் பக்கம் போயிற்று. டீச்சர் அதைப் பார்த்தார்.

"எடுத்தத தாளுல மடிச்சுக் குடுப்பீங்களே. ஒரு ஆணியக்கூட வச்சுக்க மாட்டீங்களே."

"டீச்சர்..."

"கேட்டிருந்தா நானே அவுத்துக் குடுத்திருப்பேன். மழை முடிஞ்சதும் குடுத்துடலாம்னுதான் இருந்தேன்."

அவர் குரல் உயரவில்லை. குடையை விரிக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டுத் தூறலில் இறங்கி நடந்தார். தெருமுனை திரும்பும்வரை மேஸ்திரி எழுந்திருக்கவில்லை. "ஒரு தடவையாவது ஒழுங்கா பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார். "அவன் கட்டுன்னாலே எனக்குக் கண்ணு வேற பக்கம் போயிடும்."

மறுநாள் ஜோசஃபின் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். டீச்சர் மாட்டேன் என்று சொல்லவில்லை. இப்போது ஒன்றும் கேட்காதீர்கள் என்றாராம். ஓலை வாசிக்க மிச்சமிருந்த ஞாயிறுகள் ஒவ்வொன்றாகப் போயின.

ஆகமன காலத்து முதல் ஞாயிறன்றும் மழை. கோவில் முகப்பில் நனைந்த குடைகளைச் சுவரோரம் சாத்தி வைத்திருந்தார்கள். ஆம்ப்ரோஸும் நானும் மேஸ்திரியோடு போயிருந்தோம். மணி அடித்துவிட்டது. மேஸ்திரி மட்டும் அந்தக் குடை வரிசையின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். பெரிய கறுப்புக் குடை ஒன்றைத் தூக்கி, மடிப்பை விலக்கிப் பார்த்தார். அவர் கட்டிய செம்புக் கம்பியைக் காணவில்லை. முறிந்த இடத்தில் வெள்ளை நூல் சுற்றியிருந்தது. இறுக்கமாக, அடுக்கடுக்காக, முனை வெளியே தெரியாமல்.

"யாரு கை இது?" என்றார்.

"யோவ், எழுந்திரு. சாமியார் வந்துட்டாரு" என்று ஆம்ப்ரோஸ் அவர் தோளைப் பிடித்து இழுத்தார். "பாத்தா தெரியல? பிள்ளைங்க நோட்டு தைக்கிற நூலு. டீச்சரே கட்டியிருப்பாங்க."

"டீச்சர் கட்டுன எதையும் நான் பாத்ததில்லயே. அந்த வீட்டுல எல்லாம் அவன் கட்டினதுதான். இது நல்லா பழகுன கைய்யா. இவ்ளோ சுத்தமா நம்ம பேட்டையில யாரு கட்டுவா?"

"நீதான் கட்டுவ. வா உள்ள."

உள்ளே ஆண்கள் பக்கத்தில் மூவரும் முழந்தாளிட்டோம். எதிர்ப்பக்கம் டீச்சர் வெள்ளை முக்காட்டுடன் பீடத்தைப் பார்த்தபடி இருந்தார். மேஸ்திரி அவரைப் பார்க்கவில்லை. நற்கருணை வாங்க வரிசையில் போன ஆண்களின் கூப்பிய கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து வரிசைக்குப் போகும்போது, பேனா மை படிந்த என் கைகளையும் பார்த்தார்.